உடை மாற்றும் அறையும் ஆடவர் நாணமும்

அரசர் கொலுவிருந்த மண்டபத்துக்கு வரலாறு உண்டு. கோயில் கோபுரத்துக்கு உண்டு. அங்காடித் தெருவுக்கும் உண்டு. ஆடவர் உடற்பயிற்சி முடித்தோ நீந்தி எழுந்தோ வந்து உடை மாற்றிக்கொள்ளும் அறைக்கும் ஒரு வரலாறு உண்டு என்று சொன்னால் நேயர்கள் சிலர் புன்முறுவல் செய்யக்கூடும். நான்கு சுவர்கள், சுவரோரம் பூட்டுப்போட்ட சிறு அலமாரிகள், நடுவில் ஒரு நீண்ட பலகை, மூலையில் இரண்டு மூன்று ஷவர் குழாய்கள் என்ற இவ்வளவே அந்த அறை. ஆயினும் மனிதன் தன் உடம்பைப்பற்றி என்ன எண்ணுகிறான் என்பதை அந்த அறை காட்டுவதுபோல் பெரிய மண்டபங்கள் காட்டுவதில்லை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் பிள்ளைகள் இன்று அடுக்ககங்களின் உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் கல்லூரி விடுதிகளுக்கும் நீச்சற்குளங்களுக்கும் நாள்தோறும் சென்று வருகின்றனர். ஆதலின் இந்த வரலாறு நமக்கும் உரியதே.

முதலில் சொற்களைச் சற்றே பிரித்தறிவோம். நம் மொழியில் கூச்சம் என்பது ஒன்று. நாணம் என்பது வேறொன்று. மானம் என்பது இன்னுமொன்று. புதியவர் முன்னே உடம்பு சுருங்குவது கூச்சம். பழகப் பழக அது அகலும். தகாதது செய்ய உள்ளம் மறுப்பது நாணம். பழகினாலும் அது அகலுவதில்லை. பிறர் தன்னை இழிவாக எண்ணலாகாது என்ற உணர்வு மானம். உடை மாற்றும் அறையில் இம்மூன்றும் ஒருங்கே தோன்றுகின்றன. ஒரு காலத்தில் ஒன்று மேலோங்க, வேறொரு காலத்தில் மற்றொன்று மேலோங்கிய கதையே நாம் இப்போது காணப்போவது.

நம் நாட்டு மரபு இதில் தெளிவானது. ஆற்றிலும் குளத்திலும் ஊரறிய நீராடிப் பழகியவர்கள் நாம். மார்பும் முதுகும் திறந்திருப்பது ஆடவனுக்குக் குறையன்று. ஆயினும் இடையில் ஒரு முழத் துணியேனும் இருந்தாக வேண்டும். ஆடையின்றி நீராடலாகாது என்று மனுநூல் விதிக்கிறது; பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவையும் அவ்வாறே கூறுகிறது. கோவணம் கட்டிய உழவனும், லங்கோட்டை இறுக்கிக் கட்டிய வடநாட்டு அகாடாப் பயில்வானும் இந்த ஒரே நெறிக்கு உட்பட்டவர்கள். ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டே உலர்ந்த வேட்டிக்கு மாறும் வித்தையைக் கற்றுக்கொள்ளாத தமிழ்ச் சிறுவன் முன்னாளில் இரான். அந்தத் துண்டே நமக்கு உடை மாற்றும் அறையாக இருந்தது.

கிரேக்கர் வேறு வழி சென்றனர். உடற்பயிற்சிக் கூடத்தைக் குறிக்கும் ‘ஜிம்னாசியம்’ என்ற சொல்லே, ஆடையற்ற என்று பொருள்படும் ‘கும்னோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. அங்கே இளைஞர்கள் எண்ணெய் பூசி, ஆடையின்றியே ஓடினர், மற்போர் புரிந்தனர். இவ்வழக்கம் கிரேக்கரிடையேயும் தொன்றுதொட்டு வந்ததன்று. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், ஸ்பார்ட்டா நாட்டவரே முதலில் ஆடை களைந்து பயின்றவர் என்றும், அதற்கு முன்னர் ஒலிம்பிக் போட்டிகளிலேயே வீரர்கள் இடைக்கச்சை அணிந்திருந்தனர் என்றும், அது மாறிப் பல ஆண்டுகள் ஆகவில்லை என்றும் எழுதுகிறார். ஆசியாவில் உள்ளவர்கள் இன்னும் கச்சை அணிந்தே போட்டியிடுகின்றனர் என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். ஆடை களைதலை அவர் நாகரிக வளர்ச்சியின் அடையாளமாகவே கருதினார் என்பது கவனிக்கத்தக்கது.

அவருக்குச் சற்று முற்பட்ட ஹெரொடோட்டஸ், லிடியரிடத்தும் கிரேக்கரல்லாத ஏனைய மக்களிடத்தும் ஆடவன் ஒருவன் ஆடையின்றிக் காணப்படுவது பேரிழிவாகக் கருதப்பட்டது என்று குறிப்பிடுகிறார். ஒரு கடலின் இக்கரையில் பெருமை, அக்கரையில் இழிவு. இவ்விரு நெறிகளும் நேருக்கு நேர் மோதிய இடம் எருசலேம் நகரம். கி.மு. 175-ஐ ஒட்டித் தலைமைக் குருவாகிய யாசோன் என்பவர் அங்கே கிரேக்க முறையில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் அமைத்தார். யூத இளைஞர் சிலர் அங்கே பயிலத் தொடங்கியபின், தம் விருத்தசேதன அடையாளத்தை மறைக்க முயன்றனர் என்று மக்கபேயர் நூல் வருத்தத்துடன் கூறுகிறது. ஆடை களைந்த இடத்தில் ஒருவனுடைய சமயமும் குலமும் வெளிப்பட்டுவிடுகின்றன. அவன் பெரும்பான்மையோரைப்போல் தோன்ற விரும்பித் தன் உடம்பையே திருத்திக்கொள்ளத் துணிகிறான். உடம்பைப்பற்றிய தாழ்வுணர்ச்சிக்கு வரலாற்றில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று எனலாம்.

ரோமானியர் தொடக்கத்தில் நம்மைப்போலவே எண்ணினர். வயது வந்த மகன் தந்தையோடும், மருமகன் மாமனாரோடும் சேர்ந்து நீராடுவது தம் முன்னோர் வழக்கத்தில் இல்லை என்று சிசரோ எழுதியுள்ளார். மூத்த கேட்டோ தம் மகனோடு ஒருபோதும் நீராடியதில்லை என்றும், ஆடை களைதலை ரோமானியர் கிரேக்கரிடம் கற்றுக்கொண்டனர் என்றும் புளூட்டார்க் கூறுகிறார். கற்றுக்கொண்டபின் அவர்கள் அதை ஊர்தோறும் பரப்பினர். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்துப் பொதுக் குளியற்கூடங்களில், ஆடைகளை வைப்பதற்கென்று சுவரில் வரிசையாக அமைத்த மாடங்களை இன்றும் காணலாம். அந்த மாடங்களே இன்றைய லாக்கர்களின் முன்னோடிகள். திருட்டும் அன்றே இருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் வெந்நீர் ஊற்றில் கிடைத்த சுமார் 130 ஈயத் தகடுகளில் பல, தம் மேலாடையைத் திருடியவனைத் தண்டிக்குமாறு தேவதையிடம் முறையிடுபவை. உடை மாற்றும் இடத்தில் மனிதன் எவ்வளவு காப்பற்றவனாகிறான் என்பதற்கு அந்த ஈயத் தகடுகள் சான்று.

ரோமப் பேரரசு மறைந்தபின் குளியற்கூட மரபு மேற்காசியாவில் ஹம்மாமாக வளர்ந்தது. இஸ்லாமிய நெறி ஆடவனுக்கு நாபி முதல் முழங்கால்வரை மறைப்பு வேண்டும் என்று வகுத்தது; ஆகவே அங்கே இடையில் துணி கட்டியே நீராடினர். கிழக்கே ஜப்பானில் பொதுக் குளியற்கூடங்களில் ஆடையின்றி நீராடுவதே வழக்கம். ஆடவரும் பெண்டிரும் சேர்ந்து நீராடுவதை எடோ நகரில் 1791-இல் அரசாங்கம் தடைசெய்தும் அவ்வழக்கம் எளிதில் ஒழியவில்லை. 1854-இல் அமெரிக்கத் தளபதி பெரியின் குழுவினர் அதைக் கண்டு அதிர்ச்சியுற்றனர். அதே ஜப்பானியர் தெருவில் நடக்கும்போது அடக்கத்தில் எவருக்கும் குறைந்தவர் அல்லர். நீராடும் இடத்தில் உடம்பு கண்ணிற்படும். ஆயினும் எவரும் அதை உற்று நோக்குவதில்லை. பின்லாந்து நாட்டவரின் சானா என்னும் நீராவிக் குளியலிலும் இதே நெறிதான். அந்த மரபை யுனெஸ்கோ 2020-இல் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. இந்நாடுகளின் வழக்கத்திலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு: நாணத்தை ஆடையின் அளவைக்கொண்டு அளத்தல் இயலாது; யார் பார்க்கிறார்கள், எந்த நோக்கில் பார்க்கிறார்கள் என்பதைக்கொண்டே அதை அளத்தல் வேண்டும்.

இனிப் புதுக்காலத்துக்கு வருவோம். ஆலைகள் பெருகிய இங்கிலாந்தில் தொழிலாளர் குடியிருப்புகளில் குளிக்க இடமில்லை. நோய் பெருகிற்று. 1846-இல் பாராளுமன்றம் பொதுக் குளியற்கூடச் சட்டத்தை இயற்றியது. இரண்டாம் வகுப்பில் தண்ணீர்க் குளியலுக்கு ஒரு பென்னியும் வெந்நீர்க் குளியலுக்கு இரண்டு பென்னியும் மிகாமல் கட்டணம் விதிக்கப்பட்டது. அக்காலத்தில் ஆடவர் ஆற்றிலும் கடலிலும் ஆடையின்றி நீந்துவது இயல்பாகவே இருந்தது. கிராமத்துப் பாதிரியாராகிய பிரான்சிஸ் கில்வர்ட் தம் நாட்குறிப்பில், 1872-இல் கடலில் அவ்வாறு நீந்திய மகிழ்ச்சியையும், 1874-இல் வேறொரு கடற்கரையில் காற்சட்டை அணிய நேர்ந்ததைப்பற்றிய சலிப்பையும் எழுதிவைத்துள்ளார். குடும்பங்கள் ரயிலேறிக் கடற்கரைக்கு வரத் தொடங்கியதால் வந்த மாறுதல் அது. பார்ப்பவர் மாறியதும் வழக்கமும் மாறிற்று.

அமெரிக்காவில் இக்கதை மிகத் தெளிவாக நிகழ்ந்தது. இலண்டனில் 1844-இல் தோன்றிய ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ இளைஞர் சங்கம், 1851-இல் பாஸ்டன் நகரில் கிளை கொண்டது. பட்டணத்துக்குப் பிழைக்க வந்த தனி இளைஞர்களுக்கு நல்ல இடமும் நல்ல துணையும் தரவேண்டும் என்பது அதன் நோக்கம். ஊரை விட்டு வந்தவர்க்கு அத்தகைய இடம் எவ்வளவு தேவை என்பதை நம் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உடலும் அறிவும் ஆன்மாவும் ஒருங்கே வளரவேண்டும் என்ற கொள்கையுடன் அச்சங்கம் உடற்பயிற்சிக் கூடங்களைக் கட்டியது. 1885-இல் நியூயார்க்கை அடுத்த புரூக்லினில் அதன் முதல் நீச்சற்குளம் அமைந்தது. 1891-இல் ஸ்பிரிங்பீல்டில் இருந்த அதன் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை வகுத்தார்.

மூடிய கட்டடத்துக்குள் இருந்த அந்தக் குளங்களில் ஒரு தொல்லை எழுந்தது. அக்கால நீச்சலுடைகள் கம்பளியால் ஆனவை. நூலிழைகள் உதிர்ந்து வடிகட்டிகளை அடைத்தன. துவைக்காத துணி அழுக்கையும் கிருமியையும் நீரில் சேர்த்தது. குளோரின் கலந்து நீரைத் தூய்மை செய்யும் முறை அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. ஆதலின் ஆடவர் மட்டும் பயன்படுத்தும் குளங்களில், சோப்பிட்டுக் குளித்துவிட்டு, ஆடையின்றியே நீந்துவது நலம் என்ற முடிவுக்கு வந்தனர். அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் 1926-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் இதையே பரிந்துரைத்தது. அப்பரிந்துரை 1962 வரை நீடித்தது. சங்கக் குளங்களில் மட்டுமன்றிப் பல நகரங்களின் உயர்நிலைப் பள்ளிகளிலும் மாணவர் ஆடையின்றியே நீச்சல் கற்றனர். பெண்களுக்கு இந்த விதி இல்லை; அவர்களுக்கு எளிய பருத்தி நீச்சலுடையைப் பள்ளிகளே கொடுத்தன. பையன்களுக்கு நாணம் என்பது இருக்கவே முடியாது, இருந்தாலும் அது களையப்பட வேண்டிய பலவீனம் என்று பெரியவர்கள் முடிவுகட்டியிருந்தனர்.

இதில் ஒரு முரண்பாட்டையும் காண்க. ஏறத்தாழ இதே காலத்தில், 1930-களின் நடுப்பகுதி வரையில், அட்லாண்டிக் சிட்டி போன்ற கடற்கரைகளில் ஆடவன் மார்பை மூடாமல் நின்றால் காவலர் பிடித்துச் சென்றனர். கட்டடத்துக்குள்ளே அரைத் துணியும் வேண்டாம். கடற்கரையிலோ மார்பை மறைத்தாக வேண்டும். உள்ளே இருந்தவர்கள் ஆடவர் மட்டும். கடற்கரையில் இருந்ததோ ஊர் முழுவதும். விதிகளை வகுத்தவர்கள் இரண்டு இடங்களிலும் ஐயத்துக்கு இடமின்றி நடந்துகொண்டனர். ஒழுக்கம் என்றும் சுகாதாரம் என்றும் அவர்கள் சொன்ன காரணங்கள் மாறின. சிறுவனை எவரும் கேளாதது மட்டும் மாறவில்லை.

பள்ளிகளில் பயிற்சிக்குப்பின் பொது ஷவரில் குளிப்பது கட்டாயமாயிற்று. அதற்கு அன்று வலுவான காரணம் இருந்தது. 1940-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கின்படி, அந்நாட்டு வீடுகளில் 100-க்கு 45 வீடுகளில் குழாய் வெந்நீர், குளியல் தொட்டி, கழிப்பறை ஆகிய வசதிகள் முழுமையாக இல்லை. ஏழைச் சிறுவனுக்கு வாரத்தில் கிடைக்கும் நல்ல குளியல் பள்ளியில் கிடைப்பதே. போர்க்காலத்தில் பட்டாளத்துக்கு எடுக்கப்பட்ட சுமார் ஒரு கோடி இளைஞர் வரிசையில் நின்று மருத்துவச் சோதனைக்கு உட்பட்டனர். தடுப்பில்லாக் குளியலறைகளில் குளித்தனர். 1943, 1944-ஆம் ஆண்டுகளில் ஒரு துவாலைக் கம்பெனி, போர்வீரர்கள் ஆற்றிலும் கடலிலும் ஆடையின்றிக் குளிக்கும் ஓவியங்களைக் குடும்பப் பத்திரிகைகளில் விளம்பரமாக வெளியிட்டது. அதைப் பார்த்து எவரும் பெரிதாக முகம் சுளிக்கவில்லை. தோழமையின் படமாகவே அது கருதப்பட்டது.

அந்தக் காலத்தைச் சிலர் இனிய நினைவாகக் கூறுகின்றனர். எல்லோரும் ஒரே நிலையில் இருந்தபோது ஏழை பணக்காரன் என்ற வேறுபாடு தெரியவில்லை என்பர். பலவகை உடம்புகளைக் கண்டு வளர்ந்ததால், வயிறு பெருத்த முதியவரும் எலும்பு தெரியும் இளைஞனும் மனிதரில் இயல்பானவர்களே என்பதைத் தாமாகவே அறிந்தனர் என்பர். அதில் உண்மை இருக்கிறது. வேறு சிலரோ, அறுபது ஆண்டு கழிந்தபின்னும் அந்த நாட்களைக் கசப்புடன் நினைவுகூர்கின்றனர். பருவம் முந்தி வந்தவனும் பிந்தி வந்தவனும், உடல் தடித்தவனும், மருத்துவச் சிகிச்சையின் தழும்பு உள்ளவனும் அங்கே நகைப்புக்கு ஆளாயினர். தப்புவதற்கு வழியில்லை, சொல்லுவதற்கும் ஆளில்லை. ஒரே அறை ஒருவனுக்குத் தோழமையின் கூடமாகவும் மற்றொருவனுக்குத் தண்டனைக் கூடமாகவும் இருந்ததென்றால், அறையில் குற்றமில்லை. அதில் இருந்த கட்டாயத்திலும் கேலியிலுமே குற்றம்.

மாறுதல் பல திசைகளிலிருந்து வந்தது. நைலான் துணி வந்தது. நூலிழைத் தொல்லை தீர்ந்தது. குளோரின் முறை நிலைபெற்றது. வீட்டு வசதி பெருகி, 1990-ஆம் ஆண்டுக் கணக்கில் முழு வசதியற்ற வீடுகள் 100-க்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தன. கல்வியில் ஆண் பெண் வேறுபாடு காட்டலாகாது என்ற அமெரிக்கச் சட்டம் 1972-இல் வந்தபின், இரு பாலாரும் சேர்ந்து நீந்தும் வகுப்புகள் பெருகின; ஆடையற்ற நீச்சல் தானே மறைந்தது. கட்டாய ஷவர் சற்றுக் காலம் நீடித்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாலிடேஸ்பர்க் என்னும் ஊரில், 1994-இல், மாணவி ஒருவரின் சார்பில் குடியுரிமைச் சங்கம் வழக்குத் தொடரப்போவதாக அறிவித்தவுடன், பள்ளி நிர்வாகம் அவ்விதியைக் கைவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நாடெங்கும் பள்ளி ஷவர்கள் வறண்டு கிடந்தன. மாணவர்கள் வியர்வையோடே அடுத்த வகுப்புக்குச் சென்றனர்.

கட்டாயம் நீங்கியது நன்மையே. ஆயினும் கட்டாயம் நீங்கியவுடன் அமைதி வந்துவிடவில்லை. உடம்பை மறைக்கலாகாது என்ற பழைய அதிகாரம் விலகிய இடத்தில், உடம்பு இவ்வாறுதான் இருக்க வேண்டும் என்ற புதிய அதிகாரம் வந்து அமர்ந்தது. அதன் வேர் சற்றுப் பழையது. பிரஷ்ய நாட்டில் 1867-இல் பிறந்த யூஜின் சாண்டோ, தம் தசைகளைக் கிரேக்கச் சிலைகளின் வடிவில் வளர்த்து, மேடையில் காட்டிப் புகழ்பெற்றார். 1901-இல் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு, ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் நடுவர்களுள் ஒருவராக இருந்தார். சாண்டோ 1904-05-இல் இந்தியாவுக்கும் வந்தார். உடல் வலிமையற்ற நாட்டினர் என்று ஆட்சியாளர் இகழ்ந்த காலத்தில், அவர் புகைப்படங்கள் நம் இளைஞர்களுக்கு ஊக்கமளித்தன. பெங்களூரில் கே. வி. ஐயர் நடத்திய உடற்பயிற்சிக் கூடத்தை அந்நகரவாசிகள் நன்கறிவர். மேனாட்டுத் தசைப் பயிற்சியையும் நம் சூரிய நமஸ்காரத்தையும் அவர் இணைத்துப் பயிற்றினார். சென்னையிலோ, ஸ்பிரிங்பீல்டின் வழிவந்த ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1924-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு மேலாளராகச் சென்றவரும் அவரே. உடற்பயிற்சி ஆசிரியர் என்ற தொழில் தமிழ்நாட்டில் வேரூன்ற அக்கல்லூரி பெரிதும் துணைபுரிந்தது.

அந்தத் தலைமுறைக்கு உடற்பயிற்சி என்பது வலிமைக்கும் நாட்டுத் தொண்டுக்கும் ஆனது. பின்னர் அது தோற்றத்துக்கு ஆனதாகச் சுருங்கிற்று. சார்லஸ் அட்லஸ் என்பவர் அமெரிக்கச் சிறுவர் பத்திரிகைகளில் செய்த விளம்பரத்தில், 97 பவுண்டு எடையுள்ள மெலிந்த இளைஞன் கடற்கரையில் அவமானப்படுவான், பயிற்சிக்குப்பின் பழிதீர்ப்பான். மெலிவு என்பது அவமானம் என்று இலட்சக்கணக்கான சிறுவர்கள் கற்றுக்கொண்டனர். 1982-இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில், கால்வின் கிளைன் உள்ளாடை மட்டும் அணிந்த ஒலிம்பிக் வீரர் ஒருவரின் மாபெரும் படம் எழுந்தது. பெண்ணின் உடம்பை நெடுங்காலமாகப் பண்டமாக்கிய விளம்பரத் தொழில், ஆணின் உடம்பையும் அதே கடையில் வைத்தது.

பொம்மைகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரன் பொம்மை 1964 முதல் அமெரிக்கச் சிறுவர் கைகளில் தவழ்வது. ஹாரிசன் போப் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் அப்பொம்மைகளை அளந்து, அவற்றை 5 அடி 10 அங்குல மனிதனாகக் கணக்கிட்டு, 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். 1964-இல் அந்த மனிதனின் மேற்கைச் சுற்றளவு 12.2 அங்குலம். 1990-களின் இறுதியில் வந்த ஒரு வகையில் அது 26.8 அங்குலம். அத்தகைய கை மனிதப் பயில்வான்களிடத்தும் காண்பதரிது. இதே ஆய்வாளர்கள் 1997-இல் ஒரு மனநோய்க்குப் பெயர் சூட்டியிருந்தனர். தசை திரண்ட ஆடவன் தன்னைச் சோனி என்றே நம்பி, கண்ணாடியை அஞ்சி, உடம்பை மறைத்து வாழும் நோய் அது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு இடமளித்தது. இந்த ஏக்கத்தால் இளைஞர் சிலர் ஊக்க மருந்து ஊசிகளை நாடி, இதயத்தையும் ஈரலையும் கெடுத்துக்கொள்கின்றனர். நம் நாட்டு நகரங்களும் இதற்கு விலக்கல்ல.

மூன்றாவதாக வந்தது கைப்பேசி. முன்னாளில் உடை மாற்றும் அறையில் ஒருவன் கண்ணிற்பட்டது அந்த அறையோடு முடிந்தது. கைப்பேசியில் ஒளிப்படக் கருவி சேர்ந்தபின், ஒரு நொடிப் பார்வை ஊரெங்கும் பரவி, ஆண்டுக்கணக்கில் அழியாமல் நிற்கக்கூடும். அமெரிக்கா 2004-இல் இதைத் தடுக்கத் தனிச் சட்டம் செய்தது. நம் நாட்டில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் சேர்க்கப்பட்ட 66-ஈ பிரிவு, எவருடைய அந்தரங்க உறுப்பையும் அவர் இசைவின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் குற்றம் என்கிறது. அதற்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டு இலட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2013-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்து, இப்போது நியாய சன்ஹிதையில் தொடரும் ஒளிந்து பார்த்தல் குற்றம், பெண்ணைப் பார்ப்பதை மட்டுமே குறிக்கிறது. ஆனால் 66-ஈ பிரிவில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. விடுதியில் வாழும் ஆண்பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

இன்றைய இளைஞன் முன்னோரினும் மிகுதியாகத் தன் உடம்பை இணையத்தில் காட்டுகிறான். அதே இளைஞன் உடை மாற்றும் அறையில் துவாலைக்குள் ஒடுங்குகிறான். முதியவர்கள் இதைக் கண்டு நகைக்கின்றனர். ஆழ்ந்து நோக்கினால் இதில் முரண்பாடு இல்லை. இணையத்தில் எந்தப் படம், எந்தக் கோணம், எந்த ஒளி என்பதை அவனே தேர்ந்தெடுக்கிறான். அறையில் அந்தத் தேர்வு அவன் கையில் இல்லை. முன்னோன் அஞ்சியது தன் உடம்பு தெரிந்துவிடுமே என்று. இவன் அஞ்சுவது தன் உடம்பு போதாதே என்று. முன்னதை நாணம் எனலாம். பின்னதைத் தாழ்வுணர்ச்சி என்றே சொல்ல வேண்டும். முன்னதற்கு ஒரு துண்டு போதும். பின்னதற்கு எவ்வளவு துணி சுற்றினாலும் போதாது.

ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும் கூடங்களை நடத்துவோரும் கருத வேண்டியவை சில உண்டு. முதலாவது, உடை மாற்றும் இடத்தில் தடுப்பும் தாழ்ப்பாளும் வேண்டும். கதவு வேண்டாதவன் திறந்து வைத்துக்கொள்ளட்டும். ஜப்பானியரும் பின்லாந்தவரும் ஆடையின்றி நீராடி அமைதியாக இருக்கின்றனர் என்பதைக் காட்டி, அவ்வழக்கம் இல்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்துவது தகாது. அவர்களுக்கு அந்த அமைதியைத் தந்தது குழந்தைப் பருவம் முதல் குடும்பத்தோடு வந்த பழக்கம். இரண்டாவது, கைப்பேசிக்கு அந்த அறையில் இடமிருத்தலாகாது. மூன்றாவது, கேலியை விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாகாது. ஒல்லி, குண்டு, குட்டை என்ற அடைமொழிகளை நம் வீடுகளில் செல்லமாகவே வழங்குகிறோம். அந்தச் செல்லச் சொல்லை நெஞ்சில் சுமந்தபடியே பையன் அந்த அறைக்குள் நுழைகிறான். நீச்சல் கற்க மாட்டேன், பந்தாட்டம் வேண்டாம் என்று ஒரு பிள்ளை திடீரென்று மறுத்தால், சோம்பல் என்று கடிந்துகொள்ளுமுன், அவன் எந்த அறையைக் கடந்து அந்த மைதானத்துக்குப் போகவேண்டியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டறிவது நலம்.

நம் முன்னோர் குளக்கரையில் கண்ட முறை எளிமையானது. பலவகை உடம்புகளும் அங்கே கண்ணிற்பட்டன. கூன் விழுந்த கிழவரும், தொந்தி சரிந்த வணிகரும், நெஞ்செலும்பு தெரியும் சிறுவனும் ஒரே படித்துறையில் நீராடினர். எவரும் எவரையும் அளக்கவில்லை. ஒவ்வொருவர் இடையிலும் ஒரு துணி இருந்தது. அதை அவிழ்க்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. மறைப்புக்கு மதிப்பும், வெளிப்படும் உடம்புக்கு இகழ்ச்சியின்மையும் ஆகிய இவ்விரண்டும் சேர்ந்திருந்தால், பளிங்குக் கல் பதித்த இன்றைய உடை மாற்றும் அறையிலும் ஒரு பையன் தலைநிமிர்ந்து நுழைந்து, தலைநிமிர்ந்து வெளியே வரலாம்.